கை நின்ற இடம்

ஷிமோனோசெகி
20 செப்டம்பர் 1997

அன்புத் தங்கை மால்சூனுக்கு,

அக்கா போக்னிம் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துவிடாதே. எல்லோரும் நலம். உன் அத்தான் போன வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். இப்போது நாள் முழுவதும் தக்காளிச் செடிகளோடு பேசிக்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் உடம்பு கொஞ்சம் அப்படி இப்படி இருக்கிறது. ஐம்பத்தைந்து ஆகிவிட்டது, வேறு எப்படி இருக்கும்?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் பதினெட்டாம் தேதி உனக்கு ஐம்பது. நல்ல வேளையாக அது சனிக்கிழமையில் வருகிறது. இங்கிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம் போனால் மலைக்குள் ஒரு சின்ன விடுதி இருக்கிறது. ஏழே அறைகள், ஒரு கணவன் மனைவி நடத்துகிறார்கள். பின்பக்கம் வெந்நீர் ஊற்று. அந்த மாதம் போனால் மரமெல்லாம் சிவந்திருக்கும். நம் இருவருக்கும் ஓர் அறை சொல்லி வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை பூசானில் கப்பல் ஏறினால் சனி காலை இங்கே இறங்கலாம். டிக்கெட்டும் இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது.

ஊராரின் முதுகையெல்லாம் தேய்த்துத் தேய்த்தே உன் காலம் போய்விட்டது. இரண்டு நாளாவது உன் முதுகை வேறு யாராவது தேய்க்கட்டும்.

அதுவரை சோஜு சாராயம் குடிக்காதே. உப்பைக் குறைத்துக்கொள். ரத்த அழுத்தம் பார்த்தாயா? உனக்கும் அப்பாவைப் போல ‘ஓ’ வகை ரத்தம்தானே? சும்மாதான் கேட்கிறேன்.

மறுக்காமல் வா.

உன் அக்கா
போக்னிம்


பூசான், யோங்தோ
1 அக்டோபர் 1997

அக்கா,

பயப்படாதே என்று எழுதியிருந்தாய், நான் பயந்தது உண்மை. நீ போட்ட கடைசி மூன்று கடிதமும் அப்படித்தானே? முதலில் அத்தானின் அம்மா, பிறகு அத்தானின் அண்ணன், அதன் பிறகு உங்கள் வீட்டு நாய். இந்தத் தடவை யார் என்று யோசித்துக்கொண்டேதான் உறையைக் கிழித்தேன். உள்ளேயிருந்து கப்பல் டிக்கெட் விழுந்தது!

வருகிறேன். வராமல் இருப்பேனா? பொதுக் குளியல்கூடத்தில் என்னோடு கூலிக்கு முதுகு தேய்க்கிற தால்லேவிடம் டிக்கெட்டைக் காட்டினேன். ஈரக் கையோடு வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இருபத்திரண்டு வருஷமா இல்லாத அக்கா திடீர்னு எங்கேருந்துடி மொளச்சா? எதுக்கும் பத்திரமா போயிட்டு வா” என்றாள். அவளுக்குப் பொறாமை. மூன்று நாளும் என் வாடிக்கையாளர்களை அவள்தான் பார்த்துக்கொள்ளப் போகிறாள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அக்டோபர் பதினெட்டு என்பது பதிவேட்டில் இருக்கிற தேதி. நான் பிறந்தது சந்திரக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாள். முற்றத்துத் தண்ணீர்ப் பானை உறைந்து வெடித்த அன்று. மருத்துவச்சியைக் கூப்பிட ஒற்றைச் செருப்போடு ஓடியவளே நீதானே! குழந்தை தங்குமா தங்காதா என்று பார்த்துவிட்டு ஒன்பது மாதம் கழித்துத்தான் அப்பா போய்ப் பதிந்தார், பதிந்த அன்றே பிறந்ததாக எழுதிவிட்டார்கள். நம் வீட்டில் யாரும் அந்தத் தேதியைக் கொண்டாடியதே இல்லை. உனக்கு மறந்து போயிருக்கும். போகட்டும், பிறந்தநாள் என்று ஒருத்தி கூப்பிடுவதே பெரிசு.

ரத்தம் ‘ஓ’தான். உப்பைக் குறைத்தாயிற்று. சோஜுவைப் பற்றி மட்டும் சத்தியம் செய்ய மாட்டேன். உனக்குப் பொரித்த நெத்திலியும் நல்ல மிளகாய்த் தூளும் கொண்டுவருகிறேன். தேய்ப்புத் துணியும் கொண்டுவருகிறேன், நம் ஊர்ப் பச்சைத் துணி, சொரசொரப்பானது. உன் முதுகில் இருபத்திரண்டு வருஷ அழுக்கு இருக்கும்.

உன் தங்கை
மால்சூன்


பூசான், யோங்தோ
24 அக்டோபர் 1997

அக்கா,

ஊர் வந்து சேர்ந்தேன். கப்பலில் வழி முழுக்க வாந்தி. திங்கட்கிழமை காலை இறங்கியதும் நேரே வேலைக்குப் போனேன். வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நீ ஒரு விதமாக நினைத்துக்கொண்டிருப்பாய், நான் வேறு விதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

துறைமுகத்தில் நீ நின்றிருந்தாய். முகம் வீங்கி, தோல் கறுத்து, நடக்கும்போது மூச்சு வாங்கியது. என்ன இது என்று கேட்டதற்கு, “ராத்திரி தூக்கமே இல்லடி, நீ வர்ற சந்தோஷம்” என்றாய். நம்பினேன். விடுதி நன்றாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கூரையை ஒட்டிச் சீமைப்பனிச்சை மரம், அறைக்குள்ளேயே ஓடைச் சத்தம். மதியம் அந்த விடுதிக்காரம்மா எனக்காகப் பிறந்தநாள் கடல்பாசி சூப் வைத்திருந்தார். நீ தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தாயாம். என்னைப் பெற்றுவிட்டு அம்மா குடித்த சூப்பை, அம்மா போன பிறகு எனக்கென்று இன்னொருவர் வைத்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. கிண்ணத்துக்குள்ளேயே அழுதேன். நீ இரண்டு கரண்டி குடித்துவிட்டு உன் கிண்ணத்தையும் என் பக்கம் தள்ளினாய். “நீ சாப்பிடு, எனக்குப் பசியில்ல.” அதையும் நம்பினேன்.

மாலையில் குளிக்கப் போனோம். உன் இடது கையில் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தாய், சுளுக்கு என்றாய். பச்சைத் துணியை மற்றக் கையில் மாட்டிக்கொண்டு, “திரும்புடி, இன்னைக்கு நான் தேய்க்கிறேன்” என்றாய். “ஐயோ அக்கா, நீ சட்டி வெளக்குற மாதிரி தேய்ப்ப, என் தோலு போயிரும்” என்றேன். என் முதுகிலிருந்து அழுக்கு உருண்டு விழுந்ததைப் பார்த்துத் தொட்டியிலிருந்த இரண்டு பெண்கள் சத்தமில்லாமல் அந்தக் கோடிக்கு நகர்ந்தார்கள். நாம் சின்னப் பிள்ளைகளைப் போலச் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காகவே உனக்கு எதையும் கொடுத்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

பிறகு உன் கை என் இடுப்புக்கு மேலே, இடது பக்கம் வந்து நின்றது. இருபத்தாறு வருஷமாக முதுகு தேய்க்கிறேன் அக்கா. கை களைத்து நிற்பதும் எதையோ கண்டு நிற்பதும் எனக்குத் தெரியும். நீ ஏதோ கேட்கப் போகிறாய் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினாய். உன் முதுகைக் காட்டு என்றேன், “நாளைக்கு” என்று எழுந்து போய்விட்டாய்.

மறுநாள் காலை சாப்பிட்டு முடித்ததும் துண்டை அவிழ்த்துக் கையைக் காட்டினாய். முடிச்சு முடிச்சாகப் புடைத்த நரம்பு. “தொட்டுப் பாரு” என்றாய். உள்ளே ஓடுகிற ரத்தம் என் விரலில் அதிர்ந்தது. “ரெண்டு கிட்னியும் போச்சுடி மால்சூன். வாரத்துக்கு மூணு நாள் மெஷின்ல கெடக்குறேன். அப்பாவுக்கு வந்த அதே சீக்கு. உன்னோடதுல ஒண்ணு எனக்குக் குடு. உன்ன விட்டா எனக்குக் கூடப் பொறந்தவ யாரு இருக்கா?”

நான் வாயைத் திறப்பதற்குள், காலைப் பேருந்தில் வந்திருந்த அத்தான் ஒரு பெரிய உறையோடு உள்ளே வந்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எனக்குச் சோதனை என்று நேரமே வாங்கி வைத்திருந்தீர்கள். உறைக்குள் நாம் கூடப் பிறந்தவர்கள் என்று ஆஸ்பத்திரிக்குக் காட்டுவதற்காக எடுத்த குடும்பப் பதிவேட்டின் நகல். என் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. பக்கத்தில் அக்டோபர் பதினெட்டு. நகல் எடுத்தது ஜூலை மாதம்.

அக்கா, நீ என் பிறந்தநாளை மறந்துவிட்டாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மறந்திருந்தால் பரவாயில்லை. நீ அதை ஆஸ்பத்திரிக் காகிதத்திலிருந்து படித்திருக்கிறாய். என்னிடம் என்ன கேட்பது என்று முடிவு செய்த பிறகுதான் எனக்குப் பிறந்தநாள் என்று ஒன்று இருப்பதே உனக்குத் தெரிந்திருக்கிறது. சூப்பும் வெந்நீரும் இல்லாமலே கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

நான் ஒன்றும் சொல்லாமல் பேருந்து ஏறிவிட்டேன். இப்போது சொல்கிறேன். என்னால் முடியாது. ஏன் என்று கேட்காதே. கேட்க வேண்டிய நேரத்தில் நீ தண்ணீரை ஊற்றிவிட்டாய்.

மால்சூன்


ஷிமோனோசெகி
6 நவம்பர் 1997

மால்சூனுக்கு,

முடியாது என்கிற ஒரு வார்த்தைக்கு எத்தனை பக்கம்! நீ பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான், கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் கதை எழுதுவாய்.

ஆமாம், பதிவேட்டைப் பார்த்துத்தான் தேதியைத் தெரிந்துகொண்டேன். அதற்கு என்ன இப்போது? சாகக் கிடக்கிறவளிடம் சந்திரக் கணக்குப் பேசுகிறாய்.

திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். ஆணி போல ஊசி இரண்டு. நாளுக்கு இத்தனை மிடறுதான் தண்ணீர் என்று அளந்து குடிக்கிறேன். தாகம் தாங்காமல் ஐஸ் கட்டியை நாக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உன் அத்தான் என் எதிரில் தேநீர்கூடக் குடிப்பதில்லை, தோட்டத்துக்குப் போய்க் குடித்துவிட்டு வருகிறார். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார், நன்றாகச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். போன புதன்கிழமை அவர் வரவில்லை. விரிப்பை மாற்றி வேறு ஆளைப் படுக்க வைத்துவிட்டார்கள்.

அத்தானுடையது எனக்குச் சேரவில்லை. இறந்தவர்களிடமிருந்து கிடைக்க வேண்டுமென்றால் எனக்கு முன்னால் அவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள். இதயமும் பலவீனமாகிக்கொண்டு வருகிறது, அதிக நாள் தாங்காது என்று டாக்டர் அவரிடம் சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

உனக்கு இரண்டு இருக்கிறது. ஒன்றோடு எத்தனையோ பேர் ஓடி ஆடி வேலை செய்கிறார்கள். நீ ஏன் மறுக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? அப்பாவின் சாவுக்கு நான் வரவில்லை. பதின்மூன்று வருஷமாக அதை மனதில் பொத்தி வைத்திருந்துவிட்டு இப்போது எடுத்து என் முகத்தில் எறிகிறாய். நல்ல சமயம் பார்த்தாய்.

காரணம் வேறு என்றால் அதைச் சொல். சொல்லாவிட்டால், கூடப் பிறந்தவளே என்னைச் சாக விட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் போவேன்.

போக்னிம்


பூசான், யோங்தோ
20 நவம்பர் 1997

அக்கா,

காரணம் கேட்டாய். எனக்கு இரண்டு இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. மற்றது அப்பாவோடு மண்ணுக்குள் இருக்கிறது.

1980 மார்ச்சில் உனக்கு ஒரு கடிதம் போட்டேன். அப்பாவின் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது, பிள்ளைகளில் ஒருத்தி கொடுத்தால் பிழைப்பார், நீ வா, இருவரும் சோதித்துப் பார்ப்போம் என்று எழுதினேன். ஆறு வாரம் காத்திருந்தேன். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்குப் போய்விடுவேன். இனித் தாமதிக்க முடியாது என்று டாக்டர் சொன்னதும் நான் படுத்துக்கொண்டேன். அதற்குப் பல மாதம் கழித்து, என் கடிதம் கிடைத்ததா என்று நான் கேட்டதற்கு, அப்படி ஒரு கடிதம் வரவே இல்லை என்று எழுதினாய். கடல் தாண்டுகிற கடிதம், தொலைந்திருக்கும் என்று நாங்களும் நினைத்தோம்.

அப்பா நாலு வருஷம் இருந்தார். ஒவ்வொரு தம்ளர் தண்ணீர் குடிக்கும்போதும் என்னைப் பார்த்துத் தம்ளரைத் தூக்கிக் காட்டுவார். “மூத்தவளுக்கு இதச் சொல்லாத. தெரிஞ்சா வெக்கப்பட்டுக்கிட்டு இந்தப் பக்கம் தலையே காட்ட மாட்டா. அவ வரணும்” என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நீ எப்படியும் வரவில்லை. நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன், இன்று உடைத்துவிட்டேன்.

முதுகிலிருந்து வயிறு வரைக்கும் தழும்பு இருக்கிறது. தால்லே முதல் நாள் பார்த்துவிட்டு, “யாருடி உன்ன மீனக் கிழிக்கிற மாதிரி கிழிச்சது?” என்று கேட்டாள். குளியலறையில் உன் கை அதன் மேல்தான் நின்றது. அக்கா கண்டுவிட்டாள், கேட்கப் போகிறாள், நானாகச் சொன்னால்தான் சத்தியம் உடையும், கேட்டுச் சொன்னால் உடையாது என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது யோசித்தால், ஒரே ஆவி, உன் கையில் தடிமனான துணி வேறு. உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் நீ மறுநாள் என்னிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டாய். அதனால் எனக்கு உன்மேல் இப்போது கோபம் இல்லை. போன கடிதத்தில் திட்டியதையும் மறந்துவிடு.

இரண்டு இருந்திருந்தால் கொடுத்திருப்பேன் அக்கா. பிறந்தநாள் எந்த நாளாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

சந்திரப் புத்தாண்டு முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு அங்கே வந்துவிடட்டுமா? எவ்வளவு நாள் ஆனாலும் உன்னோடு இருக்கிறேன். மெஷினுக்குக் கூட வருகிறேன். நான் வந்தால் அத்தான் வீட்டுக்குள்ளேயே தேநீர் குடிக்கலாம்.

உன் தங்கை
மால்சூன்


ஷிமோனோசெகி
27 டிசம்பர் 1997

மால்சூன்,

பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாளுக்குள் இது உனக்குக் கிடைக்க வேண்டும் என்று வேகத் தபாலில் அனுப்புகிறேன். பொட்டலத்தில் இருப்பது இந்தக் கடற்கரையில் எடுத்த கடல்பாசி. என் சீக்குக்கு நான் இதை வாயில் வைக்கக் கூடாது, ஆனால் நல்ல பாசி எது என்று பார்த்து எடுக்கத் தெரியும்.

பானை வெடித்தது எனக்கு நினைவிருக்கிறது. ஒற்றைச் செருப்போடு ஓடியதும் நினைவிருக்கிறது. திரும்பி வந்தபோது நீ பிறந்துவிட்டிருந்தாய், மருத்துவச்சிக்கு வேலையே இல்லை.

நீ வருகிறேன் என்று எழுதிய பக்கத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தோட்டத்துக்குப் போய் வெகு நேரம் திரும்பி வரவில்லை. ‘வா’ என்று மட்டும் எழுதிப் போட்டிருக்கலாம். இரண்டு தடவை அப்படித்தான் எழுதிக் கிழித்தேன். நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கடிதம் தொலைந்தே போனது என்று நம்பிக்கொண்டிருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அது வந்தது. மழையில் நனைந்து, உறை ஒட்டிப்போய் வந்தது. படித்துவிட்டு அரிசிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். மாமியார் விடவில்லை, பயணத்துக்கு வழியில்லை என்றெல்லாம் சொல்லலாம், அதெல்லாம் இல்லை. எனக்கு முப்பத்தெட்டு வயது. என்னுடையது பொருந்திவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். நீ அங்கே இருக்கிறாய், நீ கொடுப்பாய் என்று எனக்குத் தெரியும். அப்பா செத்தபோது வராததும் அதனால்தான். உன்னைப் பார்த்தால் நீ கொடுத்தாயா இல்லையா என்று தெரிந்துவிடும்.

தழும்பும் எனக்குத் தெரிந்தது. துணிக்கு மேலேயே தட்டுப்பட்டது. எங்கள் டயாலிசிஸ் கூடத்தில் மகனுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு தானே நோயாளியான ஒரு பெண் இருக்கிறாள். அதே இடம், அதே நீளம். என் விரல் பாதித் தழும்பு போவதற்குள் அது என்ன என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் தண்ணீரை ஊற்றினேன்.

தெரிந்தே மறுநாள் உன்னிடம் கேட்டேன். ஒன்றுதான் என்று தெரிந்தே ‘உனக்கு இரண்டு இருக்கிறது’ என்று எழுதினேன். ஏன் என்று இரண்டு மாதமாக யோசிக்கிறேன். இது என்ன தழும்பு என்று கேட்டால் அந்தக் கடிதம் வெளியே வந்துவிடும். அதைவிட உன் உறுப்பைக் கேட்பது எனக்குச் சுலபமாக இருந்தது. நீயே முடியாது என்று சொல்லிவிட்டால், உன்மேல் கோபப்பட்டுக்கொண்டே சாகலாம் என்று நினைத்தேன். அது எவ்வளவு நிம்மதி என்று உனக்குத் தெரியாது.

இதையெல்லாம் படித்த பிறகும் நீ வருவதென்றால் வா. வராவிட்டால் நான் குறை சொல்ல மாட்டேன்.

போக்னிம்


பூசான், யோங்தோ
8 ஜனவரி 1998

அக்கா,

கடல்பாசி முந்தாநாள் காலையில், சரியாக எட்டாம் நாளன்றே வந்தது. முதலில் பொட்டலத்தைப் பிரித்துச் சூப் வைத்துக் குடித்துவிட்டேன். நல்ல பாசிதான். கடிதத்தைப் பிறகுதான் படித்தேன்.

தழும்பைக் கண்டுகொண்டே கேட்டாய் என்பதை நான் பொறுத்துக்கொள்வேன். சாவு பக்கத்தில் இருக்கிறவர்கள் எதையும் கேட்பார்கள், நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். மற்றதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்பா சாகிற வாரத்தில்கூட என் கையைத் தட்டிக்கொடுத்து, “அவள ஏசாதடி. கடிதாசி கடல்ல போயிருக்கும். கையில கெடச்சிருந்தா முத ஆளா வந்து படுத்திருப்பா” என்றார். நானும் ஆமாம் என்றேன். பதினேழு வருஷம் நான் அதை நம்பினேன். எனக்கு வேறு அக்கா இல்லையே.

நான் வரவில்லை. நீயும் இனி எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்க மாட்டேன்.

அத்தானிடம் ஒன்று மட்டும் சொல்லி வை. நேரம் வரும்போது உன்னைக் குளிப்பாட்ட வெளியாட்கள் யாரையும் கூப்பிட வேண்டாம். குளியல்கூடத்துக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும், தால்லே என்னிடம் சொல்லிவிடுவாள். மாலைக் கப்பலில் ஏறினால் காலையில் அங்கே இருப்பேன், அதுவரை உன்னை யாரும் தொடக் கூடாது. பச்சைத் துணியை அன்று உன்னிடமே விட்டுவிட்டு வந்தேன். அதைத் துவைத்துக் காயவைத்து எடுத்து வைக்கச் சொல்.

உன் முதுகைக் காட்டு என்றபோது நாளைக்கு என்றாயே, அன்றைக்குத் தேய்த்து விடுகிறேன்.

மால்சூன்